அவள் கெடுக்கவில்லை

என் மகளின் ஹாம்ஸ்டரைப் பட்டினி போட்டது நான். அந்தப் பழியைக் கொண்டுபோய் மகள் தலையில் வைத்ததும் நான். முதல் குற்றத்துக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைத் தெரிந்தே செய்தேன். இரண்டையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிங்கப்பூரில் தாதி. முதியோர் வார்டில் வேலை. சாப்பிட மறுக்கும் நோயாளிகளை நான் பார்க்காத நாள் இல்லை. "அடம் பிடிக்கிறார்" என்று குடும்பத்தார் சொல்வார்கள். நான் அதை நம்பமாட்டேன். வாயைத் திறக்கச் சொல்வேன். பல்செட் தளர்ந்திருக்கிறதா, ஈறில் புண் இருக்கிறதா, விழுங்கும்போது இருமுகிறாரா என்று பார்ப்பேன். எடையைக் குறித்து வைப்பேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறேன். என் வீட்டில், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிர் சாப்பிடாமல் மெலிந்தது. நான் அதன் வாயைப் பார்க்கவில்லை.

மகள் முதலில் கேட்டது பூனை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க அப்போது அனுமதி இல்லை. 2024 செப்டம்பரில்தான் அது வந்தது. அதனால் ஹாம்ஸ்டர் வாங்கினோம். சிரிய வகை, பொன்பழுப்பு நிறம். பட்டாணி என்று பெயர் வைத்தாள். அவளுக்குப் பத்து வயது. நூலகத்திலிருந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போ அருகே வயலில் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தாராம். இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு குடும்பத்தின் வழி வந்தவையாம். சமைத்துக்கொண்டே கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை. காதில் விழுந்தது.

அப்படிக் காதில் விழுந்து போனவற்றில் ஒன்று இது. "கிண்ணம் காலியா இருந்தா சாப்பிட்டுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. கன்னப் பைக்குள்ள அடைச்சிக்கிட்டுப் போய் எங்கயாவது ஒளிச்சு வச்சிடும்."

ஒவ்வொரு காலையும் கிண்ணம் காலியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். வார்டில் ஒரு தட்டு காலியாகத் திரும்பினால் அதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதமாட்டேன். யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு குப்பைக்குப் போனது என்று கேட்பேன். வீட்டில் கேட்கவில்லை.

கூண்டைச் சுத்தம் செய்த ஒருநாள், காகிதத் துகள்களுக்கு அடியில் பெல்லட் தீவனம் குவியலாகக் கிடந்தது. எதிலும் பல் பட்ட தடம் இல்லை. கூடவே தோல் உரிக்காத சூரியகாந்தி விதைகள். இங்கேதான் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வாய்க்கு ருசி பார்க்கும் ஹாம்ஸ்டர் பெல்லட்டை ஒதுக்கிவிட்டு, கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்னும். அந்த விதையையே ஒரு ஹாம்ஸ்டர் உடைக்காமல் விட்டிருந்தால் அது ருசி பார்க்கவில்லை. அதற்கு உடைக்க முடியவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என் கையிலேயே கிடந்தது. நான் பார்த்தது திமிரை மட்டும்தான். மகள் அவ்வப்போது கொடுத்த அவித்த முட்டை, தோஃபு, வெள்ளரித் துண்டு எல்லாம் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டன என்று தீர்மானித்தேன். இனி பெல்லட் மட்டும். பசித்தால் தானாகத் தின்னும் என்றேன்.

"அம்மா, அதுக்குக் கடிக்க முடியலைன்னு நினைக்கிறேன்" என்றாள். "எடுக்குது, அப்புறம் கீழ போட்டுடுது."

"பதினெட்டு வருஷமா நோயாளிங்களப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இதைச் சொன்ன குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோபமான குரல் இல்லை. அமைதியாக, நிதானமாகத்தான் சொன்னேன். அதனால்தான் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை.

பட்டாணி மெலிந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ரோமம் கலைந்தே கிடந்தது. விலங்கு மருத்துவரிடம் போகலாம் என்றாள் மகள். நான் தள்ளிப்போட்டேன். செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். ஒரு தாதியின் வீட்டு உயிர் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலினைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மருந்து காலாவதியாகியிருந்ததால் தூக்கிப் போட்டேன். பட்டாணி பிழைத்ததில் என் அறிவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். மகள் கூண்டின் முன் தரையில் உட்கார்ந்திருந்தாள். மசித்த தோஃபுவை விரல் நுனியில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். பட்டாணி நக்கித் தின்றுகொண்டிருந்தது. பல நாளாகவே இப்படிச் செய்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பொய்க்காரி என்றேன். என் முதுகுக்குப் பின்னால் செய்தது துரோகம் என்றேன். பத்து வயதுப் பிள்ளையிடம் துரோகம் என்ற சொல்லைச் சொன்னேன். தோஃபுவை வாங்கிக் குப்பையில் போட்டேன். அன்று அந்த உயிருக்குக் கிடைத்த ஒரே உணவு அது.

அதற்குப் பிறகு பட்டாணி நடக்கும்போது தடுமாறத் தொடங்கியது. அப்போதுதான் கிளம்பினேன்.

மருத்துவர் இளம்பெண். எடை போட்டார். 101 கிராம். வாங்கியபின் ஒருமுறை போட்டுப் பார்த்தபோது 138 இருந்தது. அறுபது கிலோ மனிதர் 16 கிலோ இழந்ததற்குச் சமம். இந்தக் கணக்கை அங்கே நின்றபடியே போட்டேன். என் வார்டில் ஒருவருக்கு இப்படி நடந்திருந்தால் அறிக்கை எழுதியிருப்பேன். என்னென்ன சாப்பிடும், எப்போதிலிருந்து இப்படி என்று மருத்துவர் கேட்டார்.

"என் மகள் கண்டதையும் கொடுத்துப் பழக்கிக் கெடுத்துட்டா" என்றேன். "இப்ப சாதாரணச் சாப்பாட்டைத் தொட மாட்டேங்குது."

மகள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கூண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவர் பட்டாணியின் வாயைத் திறந்து பார்த்தார். மேல் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. ஹாம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசித்தான் அவை தேயும். உரச எதிர்ப்பல் இல்லாததால் கீழ்ப்பல் வளைந்து வளர்ந்து மேலண்ணத்தைத் தொட்டிருந்தது. கம்பியைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு. இரவெல்லாம் கடிக்கும். கூண்டு சிறியது. பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். இடமில்லை என்று சொல்லியிருந்தேன். சத்தம் தாங்காமல் கூண்டைத் தட்டி அதட்டியிருக்கிறேன். கம்பியைக் கடித்துத்தான் பல் உடைந்திருக்கும் என்றார்.

பிறகு சொன்னார்: "யாரோ இதுக்கு மென்மையான சாப்பாடு கொடுத்திருக்காங்க. இல்லைன்னா இத்தனை நாள் தாங்கியிருக்காது."

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். கொடுத்தது இவள், தடுத்தது நான் என்று இரண்டே வார்த்தை. பேசவில்லை. தலையசைத்தேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். வாய் தவறி வந்த சொல்லை மன்னிக்கலாம். இந்த மௌனம் வாய் தவறி வந்ததில்லை. மருத்துவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று எண்ணிப் பார்த்து, அதற்காக மகளை விட்டுக்கொடுத்தேன்.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சிறு கருவியால் தேய்த்துக் குறைத்தார்கள். நகவெட்டியால் நீங்களாக வெட்டிவிடாதீர்கள், பல் வேர்வரை பிளந்துவிடும் என்று எச்சரித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் வேலையெல்லாம் மகள் செய்தாள். பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கினாள். உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி, அவித்த முட்டையின் வெள்ளைக் கரு கொஞ்சம், தோஃபு. முதல் சில நாள் கரைத்த சத்துமாவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரத்தில் முன்பல்லுக்குப் பின்னாலிருக்கும் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அது நக்கி விழுங்கும்வரை அடுத்த சொட்டு கிடையாது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். என் நோயாளிகளுக்கு நான் செய்வதும் இதேதான். அவள் என்னைப் பார்த்துக் கற்றிருக்கலாம். மருத்துவர் சொன்னதைக் கேட்டுக் கற்றாள். மிஞ்சிய கூழைக் காலைக்குள் எடுத்துவிடுவாள், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும் என்று. எடை ஏறட்டும் என்று விதையாகக் கொட்டிவிடக் கூடாது, அதில் கால்சியம் குறைவு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தினமும் மாலை ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து, அதற்குள் பட்டாணியை விட்டு, எடையை நோட்டில் எழுதினாள். 104. 103. 107. குறைந்த நாளில் சாப்பிட உட்காரமாட்டாள்.

ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம். அதில் பல வாரங்களை நான் வலியிலும் பசியிலும் கழிக்கவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எந்த உணவும் இல்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். கூண்டுக்காக, தோஃபுவுக்காக, துரோகம் என்று சொன்னதற்காக. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டர்கிட்டயும் சொல்வீங்களா?" என்றாள். அவளுக்கு எது வலித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பல்லைத் தேய்க்க மறுபடி போனபோது சொன்னேன். இவள் கெடுக்கவில்லை, கொடுக்கவிடாமல் தடுத்தவள் நான், அன்று உங்களிடம் சொன்னது பொய் என்றேன். மருத்துவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பி, இப்போது எதை விரும்பிச் சாப்பிடுகிறது என்று கேட்டார். அவள் நோட்டைத் திறந்து வாசித்தாள்.

பட்டாணி இப்போது 131 கிராம். பெரிய கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. பல்லை மட்டும் சில வாரங்களுக்கு ஒருமுறை பார்த்துத் தேய்க்க வேண்டும், ஆயுள் முழுக்க. மகள் பள்ளியில் தாமதமாகும் நாள்களில் எடை போடுவது நான். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு என்று கேட்பாள். சொல்வேன். சரி என்பாள். பையை வைத்துவிட்டு, கை கழுவி, கிண்ணத்தை எடுத்துத் தராசில் வைத்து, தானே இன்னொரு முறை போட்டுப் பார்த்தபின்தான் நோட்டில் எழுதுகிறாள்.