கொம்பில் விழுந்த துளை



அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் சென்றால், சாம்ப்ளேன் ஏரிக்கரையில் டைகான்டரோகா கோட்டையைக் காண்பீர்கள். 1755இல் பிரெஞ்சுக்காரர்கள் நட்சத்திர வடிவில் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1759இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1775 மே 10ஆம் நாள் அதிகாலையில் அமெரிக்கப் புரட்சிப் படையினர் இதனைக் கைப்பற்றினர். பீரங்கிகளைக் காணவே பலரும் வருகின்றனர். என்னை நிற்க வைத்தவையோ அங்குள்ள மாட்டுக் கொம்புகள்!

அக்காலத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டுக் கெட்டிக்க வேண்டும். அம்மருந்தை ஈரம் அணுகாது காத்தது இக்கொம்பு. உள்ளெலும்பை நீக்கி, அகன்ற வாயை மரத்தால் அடைத்து, நுனியில் துளையிட்டுத் தக்கை செருகுவர். உள்ளிருக்கும் மருந்தின் அளவு தெரியுமாறு மேற்புறத்தை மெல்லியதாகச் சுரண்டுவதும் உண்டு. அதன்மீது வீரர்கள் தம் பெயரையும் ஆண்டையும், கடந்து வந்த ஆறுகளையும் கோட்டைகளையும் கீறி வைத்தனர். ஊர் திரும்பாத ஒருவரின் கடைசிக் கையெழுத்தாகவும் அது இருக்கலாம்.

இத்தகைய கொம்புகளுக்குப் பகை ஒரு சின்னஞ்சிறு புழு. நம் நகமும் முடியும் எப்பொருளால் ஆனவையோ, அதே கெரட்டினால் ஆனதே கொம்பும். கம்பளியைத் தின்னும் வண்டின் புழு இதையும் தின்று துளைத்துவிடுகிறது.

துளையை அடைப்பது எவ்வாறு? அவசரக்காரர் பசையைத் திணித்து, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார். துளை மறையும், அதனுடன் அந்த வீரரின் பெயரும் அழியும். அறிந்தவர் முதலில் உள்ளே பழைய மருந்து எஞ்சியுள்ளதா எனப் பார்ப்பார். இருப்பின் தீயும் வெப்பமும் பேராபத்து. அடுத்து, கொம்பை உறையிலிட்டுக் கடுங்குளிரில் வைத்துப் புழுவை அழிப்பார். பின்னர், துளைக்குப் பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டி, நிறமேற்றிய பிசினால் துளையை மட்டும் நிரப்புவார். அப்பிசின் அசிட்டோனில் கரையக்கூடியது. நாளை வேறொருவர் விரும்பினால் பழுதின்றி நீக்கிவிடலாம். செய்த பணியைப் படமெடுத்து எழுதியும் வைப்பார்.

இதில் நமக்கென்ன பாடம் என்கிறீர்களா? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

துளையை அடைப்பது குற்றமன்று. அடைத்ததை மறைத்து, பழுதற்ற பழம்பொருள் என விலை கூறுவதே மோசடி. வீட்டை விற்பினும் வண்டியை விற்பினும், ஏன், பெண் கேட்டுச் செல்லினும், நம் குவியலின் ஈரத்தை நாமே மேலே எடுத்து வைப்போம். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் துணிவைத் தருவானாக! ஆமீன்.