டப்பாவும் கொடியும்

ஆகஸ்ட் 14. ராத்திரி ஒன்பது மணி.

"அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்குச் சுதந்திர தின அலங்காரம் செஞ்சு எடுத்துட்டுப் போகணும். வீட்ல தூக்கிப் போடற சாமான்லதான் செய்யணுமாம்" என்றாள் மகள்.

'தூக்கிப் போடற சாமான்' என்றதும் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகப் பரணில் ஏறி, காலி பால்பவுடர் டப்பாக்களை இறக்கினேன்.

ஒன்றில் மூவர்ணம் பூசி, நடுவில் சக்கரமும் போட்டாச்சு. "பேனா ஸ்டாண்டு! எப்படி?"

மகள் எண்ணினாள். "20 ஆரம்தான் இருக்கு. 24 வேணும். அதோட, கொடியில எதையும் போட்டு வைக்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க."

புரட்டிப் பார்த்தால், 2002-ம் வருஷக் கொடி விதியில் அப்படியேதான் இருக்கிறது! கொடியைத் தோரணமாகவும் கட்டக் கூடாது. ஏற்றுவதற்கு முன் உள்ளே பூ இதழ் வைக்கலாம், அவ்வளவுதான். 1971-ம் வருஷச் சட்டப்படி, வரைந்த கொடியும் கொடிதான்.

போன வருஷம் 16-ம் தேதி காலை, குப்பையில் கிடந்த காகிதக் கொடிகளைத் தாண்டித்தானே பஸ் பிடித்தேன்? சுருக்கென்றது.

பெயின்ட்டைக் கழுவினேன். மூன்று டப்பாக்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாடிச் செடிகளை மாற்றினேன். காவிக்குச் செண்டுமல்லி, வெள்ளைக்கு நந்தியாவட்டை, பச்சைக்குத் துளசி.

இதை 16-ம் தேதி தூக்கிப் போட வேண்டாம். தினமும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஊற்றுவது என் டியூட்டியாம்!