எந்தப் பதத்தில் வேண்டும்?

நம் இல்லங்களில் உணவு பரிமாறும் ஒழுங்கு எழுதப்படாத ஒரு சட்டம். முதலில் விருந்தினர், பிறகு பிள்ளைகள், முதியோர், கணவர். எல்லாரும் கைகழுவிய பின், சட்டியில் எஞ்சியதோடு அடுப்படியில் அமர்பவர் இல்லத்தரசி. வீடு வீடாகச் செல்லும் பங்குத்தந்தையாகிய எனக்கு எப்போதும் முதல் தட்டுதான் கிடைக்கும். கடைசித் தட்டு என் கண்ணில் படுவதில்லை. நான் விடைபெற்ற பிறகே அதில் சோறு விழும்.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியர் அண்மையில் தங்கள் திருமண வெள்ளி விழாவையொட்டிச் சனி, ஞாயிறு இரு நாள்களையும் கோடைக்கானலில் கழித்துத் திரும்பினர். கணவர் பதினெட்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்தவர். பிள்ளைகள் இன்றி இருவர் மட்டும் பயணம் சென்றது இதுவே முதல் முறை. அங்கே உண்ட ஓர் இரவு உணவைப் பற்றி அவர்கள் சொன்னதை, அவர்களுடைய இசைவோடு இங்கே எழுதுகிறேன்.

சமவெளியின் காய்ச்சலுக்கும் வெப்பத்திற்கும் தப்ப, மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845-ஆம் ஆண்டில் வீடு கட்டிக் குடியேறிய மலையூர் கோடைக்கானல். 1863-இல் லெவிஞ்ச் துரை அங்கே ஏரியை உருவாக்கினார். மேனாட்டார் வாழ்ந்த ஊராதலால் அவர்களுடைய சமையலும் அங்கே தங்கிவிட்டது. ஓர் உணவகத்தில், இதுவரை உண்டிராத ஒன்றை உண்போம் என்று கணவர் ‘ஸ்டேக்’ கேட்டார். தடித்த மாட்டிறைச்சித் துண்டத்தைக் காய்ந்த இரும்புத் தட்டில் வாட்டித் தருவது அது.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் நீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பாத்திரத்தில் அங்கே பருப்பு வேக நெடுநேரமாகும். இரும்புத் தட்டுக்கோ மலையும் சமவெளியும் ஒன்றே. அதில் பட்டதும் இறைச்சியின் மேற்புறம் பழுப்பேறி மணம் கமழும். இந்த மாற்றத்தின் வேதியியலை 1912-இல் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். உட்புறம் சிவப்பாக இருப்பதும், இளஞ்சிவப்பாவதும், முழுதும் வேவதும் எடுக்கும் நேரத்தைப் பொறுத்தவை. ஆகவே உண்பவரைக் கேட்காமல் இதைச் சமைக்க இயலாது.

பரிமாறும் இளைஞர் முதலில் அம்மையாரைத்தான் கேட்டார்: “உங்களுக்கு எந்தப் பதத்தில் வேண்டும், அம்மா?”

அவர் கணவரைப் பார்த்தார். “இவருக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே.”

“தனித்தனியாகத்தான் செய்வோம், அம்மா.”

“உனக்கு எப்படிப் பிடிக்கும் என்று சொல்லேன்” என்றார் கணவர்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. மாமியாருக்குக் குழம்பில் எவ்வளவு புளி, மகனுக்குத் தோசை எவ்வளவு முறுகல், கணவருக்குத் தேநீரில் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தமக்கு எது பிடிக்கும் என்ற கேள்விக்குத்தான் விடை ஆயத்தமாக இல்லை. தமக்கும் அது தெரியவில்லை என்பதைக் கணவர் அப்போதுதான் உணர்ந்தார்.

முடிவில், “நன்றாக வேகட்டும். மிளகு தூக்கலாக இருக்கட்டும்” என்றார் அம்மையார்.

இரு தட்டுகளும் ஒரே நேரத்தில் வந்தன. வழக்கம்போல் பரிமாற எழுந்த அவருடைய கைக்கு அங்கே வேலை இல்லை. ‘நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு’ என்று சொல்லவும் வழியில்லை. ஆறினால் ஸ்டேக் இறுகிவிடும். கத்தியும் முட்கரண்டியும் பழக்கமில்லை. வெட்டித் தர முன்வந்த கணவரைத் தடுத்து, மெல்ல மெல்லத் தாமே வெட்டி உண்டார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்த உணவு அது.

அதன் பிறகு நிகழ்ந்ததற்காகவே இதை எழுதுகிறேன். ஊரிலுள்ள வீட்டை விற்றுவிட்டுச் சென்னையில் மகன் அருகே குடியேறக் கணவர் முடிவு செய்திருந்தார். முன்பணம் வாங்க நாளும் குறித்தாயிற்று. மனைவியிடம் தெரிவித்திருந்தார், கேட்கவில்லை. அன்றிரவு அறைக்குத் திரும்பும் வழியில், குளிரில் நின்று கேட்டார்: “வீட்டை விற்பதில் உனக்கு விருப்பமா?”

“இல்லை” என்றார் அம்மையார். அந்த ஒரு சொல்லுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடு இன்னும் விற்கப்படவில்லை. விற்கப்படாது என்றும் சொல்வதற்கில்லை. மகனுக்கும் நியாயம் உண்டு, பணத்திற்கும் தேவை உண்டு. ஆனால் இப்போது அந்தக் கணக்கைப் போட இருவர் அமர்கிறார்கள். வாக்குவாதமும் நடக்கிறதாம். “முன்பெல்லாம் எங்கள் வீடு அமைதியாக இருந்தது, சாமி” என்று கணவர் சிரித்தார். எத்தனையோ வீடுகளின் அமைதி, ஒருவர் மட்டுமே பேசுவதால் வரும் அமைதிதானோ என்று எனக்குத் தோன்றியது.

‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்ற பொருளும் உண்டு. முன்பின் அறியாதவர் வந்தால், என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு உபசரிக்கிறோம். நெடுநாள் உடன் வாழ்பவரை முழுதும் அறிந்துவிட்டோம் என்று எண்ணிக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அன்பு குறைந்ததால் நேர்வதன்று இது, பழகிப்போனதால் நேர்வது. கேட்பதற்கு மலையேற வேண்டியதில்லை, அன்பர்களே. இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யாரோ, அவரிடம் கேட்டுப் பாருங்கள். விடை உடனே வராது. காத்திருங்கள்.