மரத்த காலும் மலைக்கோட்டையும்

மார்கழியில் ஸ்ரீரங்கம் போயிருக்கிறீர்களா? பகல் பத்து நாட்களில் அர்ச்சுன மண்டபத்தில் அரையர் சேவை நடக்கும். அரையர் தாளத்தைத் தட்டிப் பாசுரத்தை அபிநயிக்கும்போது நடுவில் எழுந்து போக மனம் வருமா? கல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே இருப்போம். முடிந்து எழுந்தால்தான் தெரியும், கால் நம்முடையதாகவே இல்லை என்று!

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை சிரித்தாள். "இன்றைக்கு உனக்கும் என் வைத்தியம் ஆச்சு, பார்!"

அத்தை சொன்னது வேடிக்கை அல்ல. 1966-ல் ஜப்பானில் யோஷியாகி ஸாடோ என்ற இளைஞர், புத்த மதச் சடங்கு ஒன்றில் வெகுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் விண்ணென்று தெறித்தது. கடுமையான தேகப் பயிற்சிக்குப் பின் வரும் வலியும் இப்படித்தானே என்று அவருக்குத் தோன்றிற்று. பட்டையைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்து பார்த்தார். 1973-ல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்தபோது அந்த முறையால் தம்மையே தேற்றிக்கொண்டார்.

அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, தொடை அகத்திக் குச்சியாய் இளைத்திருந்தது. சதை வளர வேண்டுமானால் கனமான எடை தூக்க வேண்டும். கனம் தூக்க முழங்கால் இடம் கொடுக்காது. இந்தச் சங்கடத்துக்குத்தான் பட்டை! ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற காற்றுப் பட்டையைத் தொடையின் மேற்புறம் கட்டுகிறார்கள். உள்ளே வரும் ரத்தம் குறைகிறது. திரும்பும் ரத்தம் தேங்குகிறது. பிராணவாயு போதாமல் தசை சீக்கிரமே களைத்து, பெரிய சுமை தூக்கியது போல் வேலை செய்கிறது. வழக்கமாகச் சதை பலப்பட, ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் சுமார் 70 சதவீதம் தேவை. இதில் 20 முதல் 30 சதவீதமே போதும். முதலில் 30 தடவை, சிறிது ஓய்வுக்குப் பின் 15, 15, 15. காயம்பட்ட விளையாட்டு வீரர்களும் இதைச் செய்கிறார்கள்.

உடனே வீட்டில் கயிற்றை எடுத்துக் கட்டிவிடாதீர்கள், அம்மா! ரத்தம் அடியோடு நிற்கும் அழுத்தம் எவ்வளவு என்று கருவியால் அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம் மட்டுமே வைக்கிறார்கள். ரத்தம் உறையும் கோளாறு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே அத்தைக்கு ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காவிரிப் பாலத்தைக் கடந்து மலைக்கோட்டைக்குப் போனோம். நானூறுக்கும் மேற்பட்ட படிகள்! மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள் அத்தை. தாயுமானவர் சந்நிதி வந்ததும் உட்கார்ந்தாள். உச்சிப் பிள்ளையார் இன்னும் மேலே.

"இறங்கலாமா, அத்தை?" என்றேன்.

"இன்றைக்கு அம்மாவின் வீடு வரை வந்தாச்சு. பிள்ளையைப் பார்க்க அடுத்த மார்கழிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன்" என்றாள்.

தாயுமானவர் தாயாக வந்த தலமல்லவா? அத்தையின் தவணையை ஒப்புக்கொண்டிருப்பார்!