பட்டம் பெறாத பாவலர்

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிக்குப் பள்ளியில் வாய்த்தது மலையாளக் கல்வி. அன்று அப்பகுதி திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. வீட்டின் வறுமையால் அதுவும் பாதியில் நின்றது. பின்னர்ச் சங்கரநாராயண அண்ணாவியாரை அடுத்துத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். கையில் பட்டமில்லை, கற்ற தமிழ் ஒன்றே துணை. அதை நம்பிச் சென்னை சென்றவருக்கு ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் பணி கிடைத்தது. அதனை எளிய வேலை என்பார் உண்டு. சீரும் தளையும் அறியாதவர் ஒரு செய்யுள் நூலில் ஒரு பக்கமும் கடக்க இயலாது.

வள்ளலாரின் பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பாவே என்று சைவர்களுள்ளேயே ஒரு சாரார் வாதிட்ட காலத்தில், அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறியவர் இந்த இஸ்லாமியர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே வேளையில் நூறு செயல்களில் கருத்தூன்றிச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். அவரை மடக்க எண்ணிய ஒருவர், துருக்கனையும் இராமபிரானையும் இணைத்து ஓர் ஈற்றடி கொடுத்தாராம். பாவலர் சற்றும் தயங்காமல் இராமபிரானின் தம்பியரை வரிசையாகப் பாடிவர, துருக்கன் ‘சத்துருக்கன்’ ஆகிவிட்டான்! கம்பனில் தோய்ந்தவருக்கன்றி அது வாய்க்குமோ?

இடலாக்குடி அரசு மேல்நிலைப்பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.