சேருவில: வயலுக்கடியில் செம்பு

திருகோணமலையிலிருந்து தெற்கே மூதூரைக் கடந்து உள்ளே திரும்பினால் சேருவில. காவன்தீசன் காலத்தது என்று சொல்லப்படும் தாதுகோபத்தை வணங்க வருகிறவர்களுக்கு இது புண்ணியத்தலம். ஊராருக்கோ அல்லை விரிவாக்கத் திட்டத்தின் தண்ணீரில் விளையும் நெல்தான் வாழ்வு. வெருகல் முருகன் கோயிலும் அதிக தூரமில்லை.

தட்டையான இந்த நிலத்தில் பாறை தலைகாட்டும் இடங்கள் குறைவு. 1971இல்தான் புவிச்சரிதவியல் திணைக்களத்தார் இங்கே அரிப்பு என்ற இடத்தில் செம்பு கலந்த இரும்புத்தாதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கல் சாதாரணக் கருங்கல்லைவிட நன்றாகவே கனக்கும். அதிலுள்ள கரிய இரும்புத்தாதான மக்னடைட்டுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் முள் தடுமாறும். அந்தக் கருமைக்கு நடுவே பித்தளை மஞ்சளில் மின்னுவது சால்கோபைரைட். செம்பு அதற்குள்தான் இருக்கிறது.

ஏன் இங்கே? இலங்கையின் அடித்தளப் பாறைகளின் பெரும் பிரிவுகளில் இரண்டு, உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும். கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இவை மோதி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அந்தப் பொருத்து வாயிலேயே சேருவில இருக்கிறது. தெற்கே உஸ்ஸங்கொடையின் நிக்கல் கலந்த செம்மண்ணும் இதே எல்லையை ஒட்டியதுதான். தாது உண்டான விதத்தில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை. சூடான தாதுநீர் சுண்ணாம்புப் பாறையோடு வினைபுரிந்தது என்பது ஒரு கட்சி. இரும்பு மிகுந்த பாறைக்குழம்போடு முடிச்சுப் போடுவது இன்னொரு கட்சி. என் பார்வையில், எந்த விளக்கமானாலும் இந்த எல்லையிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

தோண்டலாமா என்ற கேள்விக்கு வரும்போது கல்லைவிடத் தண்ணீரே முக்கியம். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது இந்தப் பக்கத்து வயல்கள் பட்ட பாடும், அதைத் தொடர்ந்து மூண்ட சண்டையும் நாடறிந்தவை. செம்போடு கந்தகமும் சேர்ந்தே இருக்கும் தாது இது. வெட்டி வெளியே குவித்தால் காற்றும் மழையும் பட்டு அமிலம் கசியும். அது வாய்க்காலில் இறங்கினால் நெல் தாங்காது. ஆகவே செம்பின் அளவு பார்க்கத் துளையிடுகிறவர்கள், பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் சோதித்து, அந்தக் கணக்கை முதலில் விவசாயிகளின் கையில் கொடுக்க வேண்டும்.