சிங்கப்பூருக்கு இரண்டாம் முறை

தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டு ஷோகேஸ்களில் ஒரே மாதிரி ஒரு போட்டோ இருக்கும். பின்னால் செந்தோசா தீவின் பிரமாண்டமான மெர்லயன் சிலை, சிங்கத் தலையும் மீன் உடலுமாக, 37 மீட்டர் உயரத்தில். முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பா, அம்மா, தொப்பி போட்ட பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அதே இடத்தில் இன்னொரு போட்டோ எடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: அந்தச் சிலை இப்போது இல்லை. 2019 அக்டோபரில் மூடி, பிறகு இடித்தும்விட்டார்கள். அங்கே சென்சரிஸ்கேப் என்ற பெயரில் ஒரு நடைபாதைத் தோட்டம் 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. மரினா பே கரையில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு நிற்கும் 8.6 மீட்டர் மெர்லயன் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அது 1972-ல் வைத்தது.

இது ஒன்றோடு முடியவில்லை. செந்தோசாவின் பழைய 'அண்டர்வாட்டர் வேர்ல்டு' 2016-லேயே மூடப்பட்டது. 1971-ல் திறந்த ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் கதவைச் சாத்தியது. பறவைகள் எல்லாம் மண்டாய்க்குக் குடிபெயர்ந்து, அதே ஆண்டு மே மாதம் 'பேர்டு பாரடைஸ்' ஆகிவிட்டன. பழைய கைடு புத்தகத்தை நம்பி ஜூரோங்கில் போய் இறங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் இதில் ஒரு லாபமும் உண்டு. மிருகக்காட்சிச் சாலை, நைட் சஃபாரி, பறவைப் பூங்கா மூன்றும் இப்போது ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. குழந்தைகளுக்கான நாளை மண்டாயில் ஒரே பகலும் இரவுமாக முடித்துக்கொள்ளலாம்.

ஆகவே, இரண்டாம் பயணத்துக்குத் திட்டம் போடும்போது முதலில் செய்ய வேண்டியது, பழைய பட்டியலில் எதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்ப்பது. முதல் முறை பேக்கேஜ் டூரில் நாலு நாளில் ஓட்டிக் காட்டியதை மறுபடியும் அதே வரிசையில் பார்ப்பது பணத்துக்குக் கேடு. அதிலும் மூட்டுவலி வந்துவிட்ட பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, இது அவர்களுக்குக் கடைசி வெளிநாட்டுப் பயணமாகக்கூட இருக்கலாம். ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம் போதும்.

சில்லறை விஷயங்களும் மாறியிருக்கின்றன. எம்ஆர்டி ரயிலில் மெஷினில் காசு போட்டு எடுத்த ஒற்றைப் பயண டிக்கெட் இப்போது கிடையாது. ஈஸி-லிங்க் அட்டை, அல்லது தட்டினால் வேலை செய்யும் விசா, மாஸ்டர் கார்டு போதும். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையைத் தட்டிக் குடும்பமே உள்ளே போக முடியாது. வெளிநாட்டு வங்கி அட்டைக்குச் சிறு கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். 2022 வரை 7 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2024-லிருந்து 9 சதவீதம். விசா எடுத்ததோடு வேலை முடியாது. எஸ்ஜி அரைவல் கார்டு என்ற விவரப் படிவத்தை, போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. அங்கே 'உணவங்காடி நிலையம்' என்று அழகாகத் தமிழில் எழுதி வைத்திருப்பார்களே, அந்தச் சாப்பாட்டுக் கூடங்களில் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மேஜையிலேயே விட்டு எழுந்துவரும் பழக்கம் இனி ஆகாது. 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். முதலில் எச்சரிப்பார்கள், திரும்பச் செய்தால் அபராதம் வரை போகும். மேஜை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனது இல்லை. இடம் பிடித்திருக்கிறார்கள்! நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவதன் நாகரிக வடிவம்.

எப்போது போவது? செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஃபார்முலா ஒன் கார் பந்தய வாரத்தில் ஹோட்டல் வாடகை எகிறும். சீனப் புத்தாண்டின் முதல் நாட்களில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் மழை அதிகம். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் நல்ல தேர்வு. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம். தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் மாரியம்மன் கோயிலில் தீமிதி. பக்தர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடந்து வந்து பூக்குழி இறங்குவார்கள்.

பேக்கேஜ் பஸ் நிற்காத ஓர் இடத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்கலாம். தெலுக் ஆயர் தெரு. அந்தப் பெயரில் எம்ஆர்டி நிலையமே இருக்கிறது. இன்று சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள், டை கட்டிய ஊழியர்கள். ஆனால் 'தெலுக்' என்றால் மலாய் மொழியில் விரிகுடா. 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தெருவின் ஓரத்தில்தான் கடல் அலை அடித்தது. கப்பலில் வந்தவர்கள் கரையேறிய இடம் இது. அந்த நூற்றாண்டின் கடைசியில் கடலை மண் கொட்டித் தூர்த்தார்கள். பிறகும் தூர்த்துக்கொண்டே போனதில், இன்று மரினா பே ஹோட்டலும் கரையோரப் பூந்தோட்டமும் நிற்பதெல்லாம் முன்பு கடலாக இருந்த இடம்.

உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் செய்தது தெய்வத்துக்கு நன்றி சொன்னது. அதனால்தான் இந்தத் தெருவில் வழிபாட்டு இடங்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் நாகூர் தர்கா. கடலோடிகளைக் காப்பவர் என்று நம்பப்படும் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக, தென்னிந்திய முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. உடல் நாகூரில் அடங்கியிருக்கிறது, இது ஒரு நினைவிடம் மட்டுமே. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. சில அடி தள்ளி தியான் ஹோக் கெங், கடல் தெய்வம் மாசுவுக்குச் சீனர்கள் 1840 வாக்கில் எழுப்பிய கோயில். அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-ல் இது வெறும் ஓலைக் குடிசை. அதனால் தமிழர்கள் வைத்த பெயர் 'குச்சுப் பள்ளி'. கல் கட்டடமாகி ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் குடிசையின் பெயர் போகவில்லை.

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் போனதாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தஞ்சை, நாகை, ராமநாதபுரம் பக்கம் ஏராளம். அவர்களுக்கு முந்தைய தலைமுறைகளின் கதை இந்தத் தெருவில் இருக்கிறது. யூனிவர்சல் ஸ்டூடியோவில் வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதி போதும் இதைப் பார்க்க. செலவும் கிடையாது.

அங்கிருந்து கிராஸ் ஸ்ட்ரீட் வழியாக மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் சௌத் பிரிட்ஜ் சாலை. ஜாமியா சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் அடுத்தடுத்து. கோயிலை 1827-ல் நிறுவியவர் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை. பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது புத்தர் கோயிலால் இல்லை, இந்த அம்மன் கோயில் கோபுரத்தால். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும். வாசலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே மேக்ஸ்வெல் எம்ஆர்டி நிலையம். முதல் முறை போனபோது இந்த ரயில் பாதை இருந்திருக்காது, இந்தப் பகுதி 2022 நவம்பரில்தான் திறந்தது.

அதே பாதை 2024 ஜூனில் கிழக்கே மரீன் பரேட் வழியாக நீண்டது. முன்பு பஸ் மாறிப் போக வேண்டிய காத்தோங் இப்போது எளிது. பெரனாக்கான் வீடுகளின் பூவேலை முகப்புகள், தேங்காய்ப்பால் லக்சா, அப்புறம் சிலோன் சாலையில் செண்பக விநாயகர் கோயில். இலங்கைத் தமிழர்கள் வளர்த்த கோயில் இது. செண்பக மரத்தருகே கிடைத்த பிள்ளையார் என்பதால் அந்தப் பெயர்.

தேக்காவை விட்டுவிடச் சொல்லவில்லை. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் காலை இட்லிக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஊரில் கிடைப்பதையே அங்கும் மூன்று வேளை சாப்பிட விமானம் ஏற வேண்டுமா? காப்பிக் கடையில் சர்க்கரைக்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 'கோப்பி' என்று மட்டும் கேட்டால் மில்க்மெய்டு ஊற்றிய காப்பி வரும். 'கோப்பி சி கோசோங்' என்றால் இனிப்பில்லாத பால் காப்பி. 'கோப்பி ஓ கோசோங்' என்றால் சீனியில்லாத கடுங்காப்பி. கடைக்காரரை வயதைப் பார்த்து அங்கிள், ஆன்ட்டி என்றே கூப்பிடலாம்.

திட்டத்தில் கை வைக்கக் கூடாத நாள் ஒன்று உண்டு, ஞாயிற்றுக்கிழமை. கட்டுமான வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அன்றுதான் ஓய்வு. சாயங்காலம் சிராங்கூன் சாலைப் பக்கம் அவர்கள் கூட்டம் நிறையும். ஊருக்குப் பணம் அனுப்புவது, காய்கறி வாங்குவது, புல்வெளியில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசுவது எல்லாம் அன்றைக்கே. அங்கே வேலை பார்க்கும் அக்கா மகனோ சித்தப்பா பையனோ இருக்கிற குடும்பங்கள் அந்த நாளுக்கு டிக்கெட் எதையும் புக் செய்துவிட்டு, "ஒரு மணி நேரம் வந்துட்டுப் போப்பா" என்று அவனை செந்தோசாவுக்கு வரச்சொல்வது நியாயமில்லை. அவன் தங்கும் விடுதி பெரும்பாலும் தீவின் ஓரத்தில், நகரத்திலிருந்து தள்ளி இருக்கும். நாம்தான் தேக்காவுக்குப் போய், அவன் இருக்கும் வரை கூட இருந்துவிட்டு வர வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோகும் முறுக்கு டப்பாவை முதல் நாளே ஹோட்டலில் பிரித்துவிடாமல் அதுவரை பத்திரமாக வைத்திருப்பதும் முக்கியம்!